அறுகு தைத்த போர்வை

ராஜபாண்டியின் இடது கால் சுண்டுவிரல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவன் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, மூடுபனியாகிக் கலைந்து போனது. அன்று அனுமந்தன்பட்டியில் மழையும் இல்லை, வெயிலும் கடுமையில்லை. குழாயில் தண்ணீர் வழக்கம்போல ஏழு மணிக்கு வந்து எட்டு மணிக்கு நின்றது. விரல் இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ கொஞ்ச நேரம் சுழன்றது. பிறகு அதுவும் வாய்க்கால் பக்கம் நகர்ந்துவிட்டது. அவன் மனைவி பவுனு முதலில் விரலைத் தரையில் தேடினாள். ரத்தம் இல்லை, வலியும் இல்லை என்றான் அவன்.

அதற்கு ஒன்பது நாள் முன்னால் அவன் கம்பமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கப் போய், வழி தவறி, மூன்று நாள் மேகத்துக்குள்ளேயே நடந்திருந்தான். நாலாம் நாள் ஜீப்பில் இறக்கிக் கொண்டுவந்து விட்டபோது சட்டை சொட்டிக்கொண்டிருந்தது; மறுநாள் வெயிலில் காயப்போட்டும் சொட்டியது. தேனியில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். படத்தில் கால் முழுசாக இருந்தது, ஆளிடம்தான் இல்லை. சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வைகாசி முடிவதற்குள் கணுக்கால் போய்விட்டது. ஆடிக்காற்று கணவாய் வழியாக இறங்கி அடித்த நாட்களில் பவுனு ஓட்டுச் சந்துகளில் சிமென்ட் சாக்கைத் திணித்து, கதவிடுக்கில் பழந்துணி அடைத்து, வீட்டைப் பானைபோல் மூடி வைத்தாள். அப்படியும் ஒரு காலின் ஆடுசதை கரைந்து கூரையில் ஈரமாகப் படிந்தது.

பவுனு உத்தமபாளையத்தில் லத்திபாவின் தையல் கடையில் மெஷின் மிதிப்பவள். வீட்டுக்குக் கொண்டுவந்த வெட்டுத்துணி மூட்டை ஒருநாள் தவறி அவன் முழங்காலில் விழுந்தது. மூட்டை கிடந்தவரை முழங்கால் கலையவில்லை, எடுத்ததும் கலைந்தது. துணி பிடித்து வைக்கிறது என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. அன்றே ஓர் ஒட்டுப்போர்வை தைத்துப் போர்த்தினாள். இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் தையல் ஓட்டைகள் வழியாகப் பனி கசிந்தது.

"சும்மா துண்டை ஒட்டுனா நிக்காது பவுனு," என்றாள் லத்திபா. "எதையாச்சும் இறுக்கிப் பிடிச்சு நிக்கிற பொருளாப் பாத்து டிசைன் போடு."

பவுனு திராட்சைத் தோட்டத்தில் போய் உட்கார்ந்து, கொடியின் பற்றுச்சுருள் கம்பியை எப்படிச் சுற்றுகிறது என்று நியூஸ்பேப்பரில் வரைந்து வந்தாள். அந்தப் போர்வை பதினோரு நாள் தாங்கியது. தோட்டங்களில் கொடியைக் கழித்துவிடும் கவாத்து தொடங்கிய அன்று, துணியில் இருந்த இலைகளும் ஒவ்வொன்றாக உதிர்ந்து கட்டிலடியில் குவிந்தன. அடுத்து, மேற்கு மலையைச் சாம்பல் நிறப் பேண்ட் துணியில் தைத்தாள். போர்த்தியதும் கட்டிலின் நாலு காலும் முறிந்தன. ராஜபாண்டிக்கு மூச்சு முட்டியது. நாலு ஆண்கள் சேர்ந்தும் போர்வையைத் தூக்க முடியவில்லை. கத்தரியால் வெட்டி அவனை வெளியே இழுத்தாள். கத்தரி கல்லை வெட்டியதுபோல் மொக்கையாகிவிட்டது. பிறகு ஆலமரம். விழுது மாதம் ஒரு நெல்லளவு இறங்கியது, அவனோ வாரம் ஒரு சாண் போய்க்கொண்டிருந்தான்.

கார்த்திகையில் மிச்சம் இருந்தது தலை, தோள், வலது கை. அவன் பேசினால் சொல்லோடு பனியும் வந்தது.

"போதும் புள்ள. எனக்கு வலிக்கல. விட்டுரு."

"எனக்கு வலிக்குதே மாமா," என்றாள் பவுனு. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் அவள் தோட்டத்து வரப்பில் நின்று அழுதுகொண்டிருந்தபோது காலடியில் அறுகம்புல்லைப் பார்த்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து அவள் கூலிக்குப் பிடுங்கியும் வைதும் தீராத புல் அது. பிடுங்கிப் பாறைமேல் எறிந்து மூன்று வாரம் காய்ந்த கொடியும் ஒரு தூறலில் துளிர்த்துவிடும். கல்யாணத்தில் ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோட வாழ்த்தினார்கள். முதல் பாதியைத் தைத்தாயிற்று, மறுபாதியை விட்டுவிட்டோமே என்று அவளுக்கு உறைத்தது. ஒரு கொடியைக் கொண்டுவந்து தையல் மேசையில் கிடத்தி ஒரு பகல் முழுக்கப் பார்த்தாள். ஒரு கணு, கணுவுக்குக் கீழே வேர், அங்கிருந்து ஓட்டம், மறுபடி கணு. இலையை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடச் சீருடைப் பச்சையில் கொடி ஓட்டி, விரற்கடைக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் மூன்று நூல் கீழே தொங்கவிட்டாள்.

"ஓரம் அடிக்காத போர்வை எங்கன இருக்கு?" என்றாள் லத்திபா.

"ஓரம் அடிச்சா நின்னுபோகும்க்கா."

ஆறு நாள் தைத்தாள். கடைசி முடிச்சைப் போட்டபோது அவன் தாடை மெலிந்து பின்னால் இருந்த சுவர் தெரிந்தது. போர்வையை விரித்தாள். கட்டிலுக்கு அடியில் துணி கிழிவதுபோல் சத்தம் கேட்டது. நூல்கள், பழைய கட்டில் முறிந்தபின் வாங்கிப் போட்ட கயிற்றுக் கட்டிலைத் தாண்டிச் சிமென்ட் தரையைத் துளைத்து இறங்கின. கூரையில் படிந்திருந்த ஈரம் யாரோ பிடித்து இழுத்ததுபோல் கீழே வந்தது. தொடை வந்தது, முழங்கால் வந்தது, குதிகால் வந்தது. பவுனு போர்வைமேல் விழுந்து, வந்த ஒவ்வொன்றையும் கையால் தடவித் தடவிச் சரிபார்த்தாள். சுண்டுவிரல் மட்டும் மூன்று நாள் கழித்து வாய்க்கால் பக்கமிருந்து, கொஞ்சம் பாசியோடு வந்து சேர்ந்தது.

ஆனால் போர்வையை விட்டு இறங்கினால் கால் வெளுத்தது. எனவே பவுனு போர்வையை வளர்த்தாள். முதல் வருசம் அது வாசலைத் தொட்டது, மறு வருசம் தெருமுனையை. தேர்தலுக்காகப் பதினோரு நாள் தூங்காமல் தைத்து வாக்குச்சாவடிவரை கொண்டுபோனாள்; அலுவலர் போர்வைமேல் ஏறி நின்று அவன் விரலில் மை வைத்தார். ஆடுகள் முனையைக் கடித்தன, கடித்த இடத்தில் இரண்டாகக் கிளைத்தது. பவுனுவின் விரல் நுனிகள் மரத்துப்போயின, கண்ணாடி போட்டாள். மூன்றாம் வருசம் போர்வை கம்பம் ரோட்டைக் கடந்து டீக்கடைக்குப் போனது.

அங்கேதான் ஒருநாள் சாயங்காலம் ராஜபாண்டி வெடித்தான். "ஒன்னைய யாரு பிடிக்கச் சொன்னா? வெளக்குல விட்ட ஈசலாட்டம் இதுலயே சுத்திக்கிட்டுக் கெடக்கேன். நீயும் ஊசியுமாவே சாவுற." சொல்லிவிட்டு இரண்டு காலையும் மண்ணில் வைத்தான். பவுனு இந்த முறை பிடிக்கவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு நின்றாள். அவன் முழங்கால் போனது, இடுப்பு போனது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

அவன் அவள் கைகளைப் பார்த்தான். ஒரு விரலும் நேராக இல்லை. பிறகு மிச்சமிருந்த வலது கையை நீட்டிப் போர்வையின் நுனியைத் தானே எடுத்து, தோள்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

மறுநாள் சாலைக்கு வெள்ளைக்கோடு போடும் ஆட்கள் வந்தார்கள். போர்வை வரையில் கோட்டைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் அகலத்துக்கு இடம் விட்டு, அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கிக் கம்பத்தை நோக்கிப் போனார்கள்.