டாக்டர் பெயரில் ஒரு நோய்

பதினெட்டு வருஷம் மருந்துக்கடையில் டாக்டர்களின் கையெழுத்தோடு மல்லுக்கட்டியவர் என்பதால்தான் மருந்துக்கடை அக்காவுக்கு அந்த வேலை கிடைத்தது. மருத்துவக் கட்டுரைகளைத் திரையில் திறந்து, நோயின் பெயருக்குச் சிவப்பு, மருந்துக்குப் பச்சை, ஜீனுக்கு நீலம் என்று வண்ணம் பூச வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டர் தானே பெயர்களைக் கண்டுபிடிக்கப் பழகிக்கொள்ளும்.

புரோகிராம் எழுதியவர் ஒரு தாடிக்காரர், அளந்துதான் பேசுவார். “சொல்லிக் கொடுக்காத நோயைக்கூடப் பிடிச்சிடுது அக்கா,” என்று அவர் சொன்ன அன்று, அக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

வெள்ளோட்டம் பார்க்க ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் வந்தார். கூடவே அவர் மனைவி, அவரும் டாக்டர்தான்.

“என் கட்டுரையைப் போடுங்க, பார்ப்போம்.”

போட்டார்கள். மருந்துகள் பச்சையாயின, ஜீன்கள் நீலமாயின. பெரிய டாக்டரின் பெயர் வந்த ஏழு இடமும் பளிச்சென்று சிவந்தன. தாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

“என்னை நோய்னு சொல்லுதா?”

அக்கா எழுந்தார். “தப்பு என்னோடது சார். நோய்க்கு அதைக் கண்டுபிடிச்ச டாக்டர் பேரையே வெச்சிடறாங்க. அதையெல்லாம் சிவப்பாக்கினேன். கட்டுரை எழுதினவங்க பேரை வெட்டிட்டுத்தான் எங்கிட்ட குடுத்தாங்க, நானும் கேக்கலை. அதனால டாக்டர் பேர்னாலே நோய்தான்னு இது நினைச்சுக்கிச்சு.”

“நானும் இருபத்தாறு வருஷமா அதைத்தான் சொல்றேன்,” என்றார் மனைவி, கண்ணாடியைத் துடைத்தபடி.

பெரிய டாக்டர் காதில் அது விழவில்லை. செல்போனில் திரையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். “ஒரு நோய்க்கு நம்ம பேர் வைக்கிறதுன்னா சும்மாவா? அவசரப்பட்டு மாத்தாதீங்க.”

“மாத்தலைன்னா நாளைக்கு நோயாளி பேரையும் நோய்ங்கும் சார்.”

பெரிய டாக்டர் மனசே இல்லாமல் சரியென்று தலையாட்டினார்.

பெயர்கள் வெட்டப்படாத முந்நூறு கட்டுரைகளை வாங்கி, மனிதர்களின் பெயரை மட்டும் வண்ணம் பூசாமல் விட்டு, அக்கா மூன்று வாரம் முதுகொடிய உட்கார்ந்தார். பெரிய டாக்டரும் மனைவியும் வந்திருக்க, அதே கட்டுரையை மறுபடி ஓட்டியபோது ஏழு இடமும் வெறும் கறுப்பு எழுத்தாகவே நின்றன. பெரிய டாக்டர் செல்போனில் இருந்த பழைய படத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இப்ப என்னை என்னன்னு சொல்லுது?”

“சாதாரண ஆள்னு, சார்.”

ஆஸ்பத்திரிக்கு இதையே எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் விறுவிறுவென்று வெளியேறினார். மனைவி பின்தங்கி நின்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இது இப்படியே இருக்கட்டும்மா. அவர் வந்து கேட்டாலும் மாத்திடாதீங்க.”