புஷ்பவல்லியின் விமானத்துக்கு எட்டு ஜிபி

என் மனைவி புஷ்பவல்லி விமானம் ஓட்டுகிறாள் என்பதை ஆறு மாதமாக நான் யாரிடமும் சொல்லவில்லை.

முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் கிள்ளான் வீட்டின் பின்னறையிலேயே கிடந்தாள். செராஸில் இருக்கும் எங்கள் மகள் தாமரை, நேரம் போகட்டும் என்று தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். முட்டி ஆறிவிட்டது. புஷ்பவல்லி நாற்காலியை விட்டு எழவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு இணையத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து பறப்பார்கள். அறுபத்து நான்கு வயதில் அவளும் ஒருத்தி. வருகிற ஞாயிறு சுபாங் விமான நிலையத்திலிருந்து பினாங்குக்கு. முதன்முறையாக அவள் விமானம் முன்னே போகும், மற்றவர்கள் பின்னால் வருவார்கள்.

"ஊருக்கு மேல போனா படம் திக்குதுங்க," என்றாள். "பிராசசரும் மெமரியும் மாத்தணும். எதுக்குன்னு சொன்னா கடையிலயே சரியானதா போட்டுருவாங்க. இல்லன்னா நானே வரேன்."

"நீ வேணாம். நான் பாத்துக்கறேன்."

முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் ஒரு குறைச்சொல் இல்லாமல் வேலை செய்தவன் நான். கோயில் நிர்வாகக் குழுவின் தலைவர். கன்னையா வீட்டு அம்மா இந்த வயதில் கேம் விளையாடுகிறாள் என்று கிள்ளானில் ஒருவரும் பேசக் கூடாது. எனவே கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, கொமுட்டர் ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரருக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"கன்னையா சார்தானே? நான் திருச்செல்வம். உங்க கமிட்டியில இருக்காரே சின்னையா, அவர் மகன்."

ஒளிவதற்காக வந்த இடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது போல ஆயிற்று.

"எதுக்கு சார் யூஸ் பண்றீங்க?"

"கோயில் கடிதங்கள் அடிக்க," என்றேன். "கூட்டக் குறிப்பு, அந்த மாதிரி."

அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். "அப்ப பெரிசா ஒண்ணும் வேணாம் சார். நாலு கோர் பிராசசர் போதும். மெமரி எட்டு ஜிபி, ஒரே ஸ்டிக். அதுக்கு மேல போட்டா வேஸ்ட் லா."

நேர்மையான மனிதர். என் பொய்க்கு மிகப் பொருத்தமான சாமானைக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, நானும் கேட்கட்டும் என்று புஷ்பவல்லி ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் பத்திரிகை படிப்பவன் போல வாசலோரம் நின்றேன். ஈப்போவைத் தாண்டும் வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. பினாங்குத் தீவின் உயரக் கட்டடங்கள் தெரிந்ததும் படம் நின்றது. நான்கைந்து விநாடிதான் இருக்கும். மறுபடி அசைந்தபோது அவள் விமானம் பினாங்குப் பாலத்தின் ஓரமாகக் கடலில் கிடந்தது.

"ஆன்டி, பிசி ஹேங் ஆயிடுச்சா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

"இல்லம்மா. மெஷின் நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுக்காரரு இப்பதான் பாத்துப் பாத்து வாங்கிட்டு வந்தாரு. எனக்குத்தான் கண்ணு தடுமாறிடுச்சு."

"பரவால்ல ஆன்டி. இனிமே நீங்க பின்னாலயே வாங்க. ரிலாக்ஸா இருக்கும்."

அந்தப் பெண் அன்பாகத்தான் சொன்னாள். புஷ்பவல்லி சரி என்றாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கருவேப்பிலை உருவ உட்கார்ந்தாள். கடையில் என்ன சொன்னீர்கள் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளுடைய கண்ணில் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் எனக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பவள் அவள்தான்.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனேன். கடையில் மூன்று நான்கு பேர் காத்திருந்தார்கள். ஓர் ஓரத்தில் சின்னையாவே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தலைவரே, கோயில் கடுதாசி கம்ப்யூட்டரையே படுக்க வச்சிருச்சா?" என்றார். "நம்ம கடுதாசியெல்லாம் செயலாளர்தானே அடிக்கிறாரு?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். தாமரையின் வேலைக்கு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"கடிதம் இல்ல," என்றேன். "என் மனைவி விமானம் ஓட்டறா. கம்ப்யூட்டர்ல. போன தடவ நான் உண்மைய சொல்லல."

சின்னையா கிளாசைக் கீழே வைத்தார். திருச்செல்வம் சிரிக்கவில்லை; காகிதத்தை எடுத்தார்.

"எந்த விமானம் சார்? எத்தன ஸ்க்ரீன்?"

எனக்குத் தெரியவில்லை. ஆறு மாதம் பக்கத்து அறையில் இருந்தும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. போனை எடுத்தேன். தெரு இரைச்சலில் காது கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன்.

"புஷ்பா, நீ எந்த விமானம் ஓட்டறன்னு கடையில கேக்கறாங்க."

"எந்தக் கடையில?"

"பிரிக்பீல்ட்ஸ்ல. சின்னையா மகன் கடை. சின்னையாவும் இருக்காரு. எல்லாருக்கும் கேக்குது."

போனில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஏடிஆர், தம்பி. ரெண்டு காத்தாடி வச்சது. ஸ்க்ரீன் ஒண்ணுதான். கோர் நெறய இருக்கறது பெரிசில்ல, ஒவ்வொண்ணும் வேகமா இருக்கணும். உள்ள இருக்கற கேஷ் மெமரி பெரிசான பிராசசரா பாருங்க. மெமரி முப்பத்திரண்டு. ஒரே ஸ்டிக்கா வேணாம், பதினாறு பதினாறா ரெண்டு போடுங்க, அப்பதான் வேகம் கெடைக்கும்."

திருச்செல்வம் எழுதுவதை நிறுத்தினார். "ஆன்டி, நீங்களே வந்திருக்கலாமே."

"வரேன்னுதான் சொன்னேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்தே நின்றேன். காது மட்டும் சுட்டது.

"ஏங்க," என்றாள் போனில், குரலைத் தாழ்த்தி. "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆயிடுமா? ஆச்சுன்னா, முன்னால நானே போறேன்னு அந்தப் புள்ளைங்ககிட்ட சொல்லணும்."

திருச்செல்வம் அதற்குள் திருப்புளியை எடுத்துப் பெட்டியின் மூடியைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

"சொல்லிடு," என்றேன்.