பத்து கிராம் ஹார்ட்னர்

இதில் ஒரு சொல்லாவது பொய்யாக இருந்தால் இனி நான் குடிக்கும் காபி அத்தனையும் கசக்கட்டும். டாக்டர் எனக்குச் சர்க்கரையை நிறுத்தி எட்டு வருடமாகிறது என்பதையும், நியாயத்துக்காக, இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மேசையை நகர்த்த நாலு பேர் குனிந்திருந்தார்கள். என் தங்கை இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே நின்றாள். புருஷன் இறந்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"தட்டைத் தொடாதீங்க."

"முன்னறையில கிடத்தணும்மா," என்றாள் இறந்தவரின் அக்கா. "வர்றவங்க பாக்க வேண்டாமா?"

"உள்ள கிடத்துங்க அண்ணி. வர்றவங்க உள்ள வந்து பாக்கட்டும். இது இன்னும் காயலை."

"என் தம்பியே போயிட்டான். நீ என்னடான்னா காயலைங்கறே."

"மேசை அசைஞ்சா வழிஞ்சிடும் அண்ணி."

அப்படித்தான் என் மாப்பிள்ளை, சொந்த வீட்டின் முன்னறையைத் தொண்ணூற்றாறு கனெக்டர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு உள்ளறையில் படுக்க நேர்ந்தது. உயிரோடு இருந்தபோதும் பெரிய வித்தியாசமில்லை. மனுஷர்களுக்குச் சுவரோரம், கனெக்டருக்கு மேசை.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார்களுக்கு வயரைச் சேர்க்கிற, கட்டைவிரல் பருமனுள்ள கூடு அது. மாப்பிள்ளை பின்களில் வயரைப் பற்றவைத்து, கூட்டுக்குள் பொருத்தி, துளைகள் போட்ட தட்டில் முதுகு மேலே தெரியும்படி வரிசையாக நிறுத்துவார். பிறகு தராசின்மேல் காகிதக் கிண்ணம் வைத்து நூறு கிராம் ரெசின் என்ற பிசினை ஊற்றுவார். அதோடு அவர் பொறுப்பு தீர்ந்தது. அதில் பத்து கிராம் ஹார்ட்னர் சேர்ப்பது தங்கையின் பொறுப்பு. சேர்த்ததும் அவள் சத்தமாக "போட்டாச்சு" என்பாள். அவர் "சரி" என்பார். அதற்குப் பிறகுதான் கலக்குவது, சிரிஞ்சில் உறிஞ்சி ஒவ்வொரு கூட்டையும் நிரப்புவது எல்லாம்.

அந்த இரண்டு சொற்களும் சும்மா வந்தவை அல்ல. ஹார்ட்னர் விழுந்த ரெசினும் விழாத ரெசினும் கண்ணுக்கு ஒன்றுதான். ஒருமுறை ஊற்றினால் மறுநாள் கல். ஊற்றாவிட்டால் தேன், ஆயுசுக்கும் தேன். ஆளுக்கொரு தடவை ஊற்றிவிட்டால் கிண்ணமே கொதித்துப் புகை விடும். கல்யாணமான புதிதில் மூன்றும் நடந்து முடிந்த பிறகு செய்துகொண்ட ஏற்பாடு அது.

மாப்பிள்ளை அடைத்த கனெக்டருக்குள் ஈரம் போகாது. ஒருமுறை ஈ ஒன்று ரெசினுக்குள் விழுந்துவிட்டதாம். ஆறு வருடம் கழித்து உடைத்துப் பார்த்தால், ஈக்கு வயதே ஏறவில்லையாம். நான் நம்பினேன். புளுகில் எனக்கும் அவருக்கும் பழைய போட்டி உண்டு. எதிராளியின் சரக்கை மதிக்கத் தெரியாதவன் இந்தத் தொழிலில் இருக்கக் கூடாது.

தங்கைக்கு அந்த மரியாதை தெரியவில்லை. முந்தின நாள் சாயங்காலம் பம்பு கம்பெனிக்காரர் வந்திருந்தார்.

"நம்ம கனெக்டர் ஒண்ணு கிணத்துக்குள்ள பதினோரு வருஷம் முங்கிக் கிடந்துச்சு சார். வெளிய தூக்கி சுவிட்சைப் போட்டோம். மோட்டார் ஓடுது!" என்றார் மாப்பிள்ளை.

"நாலு வருஷம்," என்றாள் தங்கை, அடுப்படியிலிருந்து.

கம்பெனிக்காரர் சிரித்துவிட்டார். அவர் போகும்வரை மாப்பிள்ளை பொறுத்திருந்தார். பிறகு, "ஏழு வருஷத்தை முழுங்கிட்டியேடி," என்று ஒரே வாக்கியம். அதோடு பேச்சு நின்றது.

மறுநாள் காலை வழக்கம்போல் நான் போய் ஸ்டூலில் உட்கார்ந்தபோது வீட்டில் பேசுகிற ஆள் நான் ஒருவன்தான். மாப்பிள்ளை ரெசினை நிறுத்து வைத்தார். வாசலில் யாரோ கூப்பிட, எழுந்து போனார். தங்கை கிண்ணத்தைப் பார்த்தாள். 'ஊத்துன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?' என்று நினைத்துக்கொண்டு, ஹார்ட்னரைத் தொடாமலே துணி உலர்த்தப் பின்பக்கம் போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தால் அவர் கலக்கிக்கொண்டிருந்தார்.

ஊற்றினாரா? கேட்கலாம். கேட்டால் முதலில் பேசியது அவள் என்றாகிவிடும். சிரிஞ்சை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். தொண்ணூற்றாறையும் இருவருமாக நிரப்பி முடித்தார்கள். நடுவில் ஒருமுறை அவர், "கொஞ்சம் நகரு, உன் மேல வெயில் அடிக்குது," என்றார். அதைப் பேச்சில் சேர்ப்பதா, வேலையில் சேர்ப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பதினோரு மணிக்கு மேசையில் கையூன்றி எழுந்தார், நெஞ்சைத் தடவினார், மறுபடி உட்கார்ந்தார். டாக்டர் வந்தபோது பார்க்க ஒன்றும் மீதியில்லை.

இப்போது அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. "போட்டாச்சு" காதில் விழாமல் கலக்குகிற மனுஷர் இல்லை அவர். அப்படியிருந்தும் கலக்கினார் என்றால், தானே ஊற்றியிருக்க வேண்டும். அதாவது கோபம் ஆறி, அவள் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டார். இல்லையென்றால் அத்தனையும் வீணாகட்டும், பழி அவள் தலையில் விழட்டும் என்று வீம்புக்குக் கலக்கியிருக்கிறார். அதற்கும் துணிந்தவர்தான். எந்த மனுஷர் செத்துப்போனார் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அது தெரியாமல் எப்படி அழுவது?

முதலில் ஹார்ட்னர் பாட்டிலைத் தராசில் வைத்தாள். முந்நூற்றுப் பதினாலு கிராம். நேற்று எவ்வளவு இருந்தது என்று தெரியாதவளுக்கு இன்றைய கணக்கு எதற்கு ஆகும்? பாட்டிலை இறக்கி வைத்தாள்.

அப்புறம் மூக்கு நினைவுக்கு வந்தது. ஹார்ட்னருக்கு ஒரு காரமான நெடி உண்டு; விரலில் பட்டால் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் கூடவே வரும். உள்ளறைக்குப் போனாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் வழிவிட்டார்கள். அவருடைய வலது கையை எடுத்து மூக்கோடு வைத்து ஆழமாக இழுத்தாள். சோப்பு வாசனை. இடது கை. அதுவும் சோப்பு. நகக்கண்ணை ஒவ்வொன்றாக முகர்ந்தாள்.

"கடவுளே, இப்படியும் ஒரு பாசமா!" என்று ஒருத்தி விம்மினாள். அறை முழுக்க அழுகை பிடித்துக்கொண்டது.

தங்கை நிமிர்ந்தாள். "யாரு இவரு கையைக் கழுவினது?"

"நாங்கதாம்மா. நல்லாத் தேய்ச்சுக் கழுவினோம்."

"நல்லாக் கழுவினீங்க," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்து என்னிடம் வந்தாள். வாசலில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, நீ இங்கதானே உக்காந்திருந்தே. அவரு ஊத்துனாரா?"

"நான் பேசிக்கிட்டிருந்தேன்."

"யார்கிட்ட? ரெண்டு பேரும் அங்க இல்லையே."

"அதான் நிறையப் பேசினேன்."

"இன்னைக்குமா உனக்கு விளையாட்டு?"

"பொறும்மா. நாளைக்குக் காலையில ரெசினே சொல்லும். அது என்னை மாதிரி இல்லை, புளுகாது."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். குளிர் நாள். குளிரில் ரெசின் மெல்லத்தான் இறுகும். அதோடு, ஹார்ட்னர் விழாத ரெசினும் குளிரில் தடிமனாகிக் கண்கட்டு வித்தை காட்டும். சாயங்காலம் பல் குத்தும் குச்சியால் மூலையில் இருந்த கூட்டைக் குத்திப் பார்த்தாள். நூல்போல இழுத்துக்கொண்டு வந்தது. இறுகுகிற இழுப்பா, தேனின் இழுப்பா? இன்னொன்றைக் குத்தினாள்.

நாத்தனார் வாசலில் இருந்தவர்களிடம், "வெந்துடுச்சான்னு பாக்கற மாதிரி குத்திக்கிட்டிருக்கா. பித்துப் பிடிச்சிடுமோன்னு பயமா இருக்கு," என்றாள்.

ஒருத்தர் ஆறுதலாக, "கைவேலை இருந்தா துக்கம் தெரியாதுங்க," என்றார்.

"துக்கம் தெரியணுமில்ல!" என்றாள் நாத்தனார்.

காலை பத்து மணிக்கு எடுப்பதாக முடிவாகியிருந்தது. ஒன்பதுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். தங்கை முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் நின்றேன். தட்டின் முன் குனிந்து, கட்டைவிரல் நகத்தை முதல் கூட்டின் முதுகில் வைத்தாள். வைத்தவள் அழுத்தவில்லை. அப்படியே நின்றாள். வாசலில் "நேரமாகுது" என்று யாரோ சொன்னார்கள்.

அழுத்தினாள். நகம் வழுக்கியது. தட்டினாள், டக்கென்றது. இரண்டாவது, மூன்றாவது, அடுத்த வரிசை. பிறகு அவசரமே இல்லாதவளாகத் தொண்ணூற்றாறையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஒன்றில்கூடப் பிசுபிசுப்பு இல்லை. குமிழிகூட இல்லை. தட்டை இரண்டு கையாலும் தூக்கி அலமாரிமேல் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"இப்ப இங்க கொண்டுவந்து கிடத்துங்க அண்ணி. கொஞ்ச நேரமாவது முன்னறையில இருக்கட்டும்."

நாத்தனார் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். உள்ளே திரும்பி ஆட்களைக் கூப்பிட்டாள். மாப்பிள்ளையைக் கொண்டுவந்து மேசைமேல் கிடத்தினார்கள்.

கம்பெனிக்காரர் பூவோடு வந்து நின்றார். பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லிய குரலில், "கைராசிக்காரர் சார். இவர் அடைச்ச கனெக்டர் ஒண்ணு நாலு வருஷம் கிணத்துல கிடந்தும் ஓடிச்சாம்," என்றார்.

"பதினொண்ணு," என்றாள் தங்கை.

"இல்லம்மா, முந்தாநாள் நீங்கதானே..."

"நான் தப்பா எண்ணிட்டேன் சார். பதினோரு வருஷம். அதுக்கு மேலயும் இருக்கும்."

சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் சட்டைக் காலர் மடிப்பை நீவிவிட்டாள். உள்பக்கம் மடிந்திருந்த ஓரத்தை வெளியே எடுத்தாள். அது சரியாக இருந்தும் நீவிக்கொண்டே இருந்தாள்.

அவள் துணி உலர்த்தப் போயிருந்த நேரத்தில் அந்தக் கிண்ணத்தில் பத்து கிராம் ஊற்றிவிட்டு, வாசலிலிருந்து திரும்பி வந்தவரிடம் "தங்கச்சி போட்டுட்டா மாப்பிள்ளை" என்று சொன்னவன் நான்.