சாட்சி சொன்ன வாய்

“அப்பா, நீயும் சுகருக்கு மாத்திரை திங்கியல்லா? அப்போ ஒனக்க உள்ளயும் பிசாசு உண்டா?”

ஜெயதாஸ் அப்போதுதான் மாத்திரையை வாயில் போட்டிருந்தான். மகள் ஜீனா பதிலுக்குக் காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் பூட்டிய அறை. உள்ளே அவள் அம்மா ஜிஜா. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் அடித்தது தச்சுவேலை செய்யும் ஜெயதாஸ்தான்.

ஜிஜாவின் காதுக்குள் யாரோ ஓயாமல் ஏசுவார்கள். காரக்கோணம் ஆஸ்பத்திரி மாத்திரையில் அது அடங்கி, பழையபடி சமைத்தாள், சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில், சபையின் உபவாச ஜெபத்தில் எல்லார் முன்னும் எழுந்த ஜெயதாஸ், பிசாசு ஓடிவிட்டது, இனி மருந்து வேண்டாம் என்று சாட்சி சொன்னான். மாத்திரைகளை அடுப்பில் போட்டான். கொஞ்ச நாளில் குரல்கள் திரும்பின. இனி ஆஸ்பத்திரிக்குப் போனால் சாட்சி பொய்யாகிவிடும். அறைக்குள் அவள், சொன்ன சொல்லுக்குள் அவன்.

ஞாயிற்றுக்கிழமை அவளை ஒரு ஜெபவீட்டில் விட ஏற்பாடு. அங்கே இப்படிப்பட்டவர்களைச் சங்கிலியில் கட்டுவதை அவன் பார்த்திருக்கிறான்.

பட்டினி போட்டால் பிசாசு இறங்கும் என்று ஜிஜாவுக்குச் சோறும் இல்லை. தனியாக வாழும் பக்கத்து வீட்டு விஜயம்மாதான், தாழ்ப்பாள் இல்லாத தன் அடுக்களைக் கதவுக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு வந்து, ஜன்னல் வழியே கஞ்சி ஊட்டுவாள். இன்றும் வந்தவளின் காதில் ஜீனாவின் கேள்வி விழுந்தது.

“பிள்ளைக்குப் பதில் சொல்லுலே. ஒனக்க ரத்தத்துல வந்தா சீக்கு, அவளுக்க தலையில வந்தா பிசாசு. நல்ல நியாயமாக்கும்.”

“சாட்சி சொல்லிப் போட்டேனே அக்கா. ஊரு சிரிக்குமே.”

“சிரிச்சா நீ சாவமாட்ட. இப்படிப் பூட்டிப் போட்டா அவ செத்துப் போவா மக்கா.”

அப்போது கதவுக்குப் பின்னால் மெலிந்த குரல் கேட்டது. “ஜீனாக்குத் தலை பின்னணும். கதவைத் தொறயுங்க.”

ஜெயதாஸ் திறந்தான். அன்றைக்கே காரக்கோணத்துக்கு ஆட்டோ பிடித்தான்.

ஜிஜா தேறி, சபையில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் மறுபடி எழுந்தான்.

“எனக்க சாட்சி தப்பு. அவளுக்குப் பிசாசு இல்ல, சீக்காக்கும். ஜெபமும் வேணும், மருந்தும் வேணும். ரெண்டும் ஒரே கர்த்தர் தந்தது. சீக்கு வந்தவளப் பூட்டி வைக்கியதுதான் பாவம்.”

சிலர் முகத்தைத் திருப்பினார்கள். ஆராதனை முடிந்ததும் ஒரு பெண் மட்டும் ஜிஜாவிடம் வந்து, அந்த டாக்டர் எந்தக் கிழமை இருப்பார் என்று மெதுவாகக் கேட்டாள்.

விஜயம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒரு மாலையில், ஜெயதாஸ் அந்த அறையின் தாழ்ப்பாளைக் கழற்றினான். அவளுடைய அடுக்களைக் கதவின் உட்பக்கத்தில் அதை இறுக்கிப் பொருத்தினான். முட்டுக் கல்லைத் தூக்கி வாழையடியில் போட்டான். மரத்தூளைத் துடைத்துவிட்டு, யாரும் பார்க்குமுன் வீட்டுக்கு நடந்தான்.