மூன்றுக்கு ஒன்று

பரேல் ஆஸ்பத்திரி லேடி டாக்டர் சொன்னதை வாலாம்பாள் மட்டும்தான் நம்பினாள். இடது மார்பில் இருக்கும் கட்டி புற்று. மார்பை எடுத்துவிட்டால் பிழைக்க வழியுண்டு, தள்ளிப்போட்டால் கிடையாது. அவள் புருஷன் சுந்தரராமன் அவளை டிராமில் மாதுங்கா வீட்டுக்கு அழைத்து வந்தார். உள்ளே வந்து சட்டையைக் கழற்றியதும் ஆரம்பித்தார்.

"ஒரு பொம்மனாட்டி சொன்னாள்னு அறுத்துக்க முடியுமோ? நாலு பேர்ட்ட கேக்கணும்."

கேட்பதில் தப்பில்லை. வேறு டாக்டர் வேறு வழி சொன்னால் வாலாம்பாளுக்கு மட்டும் கசக்குமா? ஆனால் கேட்கக் கிளம்பியது அவர் மட்டும். பெண்டாட்டியை ஆண் டாக்டர் முன்னால் ரவிக்கையை அவிழ்த்து உட்கார வைப்பதா? பஜனை மண்டலிக் காரியதரிசி வீட்டிலா அது நடக்கும்? கோட்டையில் ஆபீஸ் விட்டதும் ஒவ்வொரு டாக்டர் வீடாக அவரே படியேறி இறங்கினார். மாதம் ஓடியது. கட்டி ரவிக்கையில் உரசத் தொடங்கியது. ஒருநாள் சாயங்காலம், மண்டலியில் தீர்மானம் நிறைவேற்றிய முகத்தோடு வந்து நின்றார்.

"கிர்காம் டாக்டர், தாதர் ஹோமியோபதி, நம்ம பாலக்காட்டு வைத்தியர், மூணு பேரும் இப்போ ஆபரேஷன் வேண்டாம்ங்கறா. மூணுக்கு ஒண்ணு. மெஜாரிட்டி ஆயிடுத்து. இனிமே பரேல் பேச்சை எடுக்கப்படாது."

வாலாம்பாள் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவாள்ட்ட என்னன்னு சொன்னேள்?"

"சின்னக் கட்டி, வலி கிடையாதுன்னேன். இதோ, இந்த இடத்திலேன்னு காட்டினேன்." பூணூலை ஒதுக்கித் தம் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

வலியில் அவள் புரண்டு படுத்ததெல்லாம் இந்த மனுஷர் கண்ணில் படவே இல்லையா? தாலி கட்டினவரை இவ்வளவு வெறுக்க முடியும் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் அவர் ஆபீஸ் போனதும், அடுத்த போர்ஷன் அம்மிணியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிர்காமுக்கு டிராம் ஏறினாள். மூவரில் அவர் வாய் ஓயாமல் மெச்சியது அந்த டாக்டரைத்தான். வயதானவர். கட்டியைத் தொட்டுப் பார்த்தார், அக்குளை அழுத்திப் பார்த்தார், கையைக் கழுவிவிட்டு அவளுக்குப் புரிகிற இந்தியில் நிதானமாகச் சொன்னார்.

பட்டாணி அளவு, வலி இல்லை என்றாரே உன் புருஷன்? அதற்குத்தான் அவசரமில்லை என்றேன். இது எலுமிச்சங்காய். எதற்கும் உன்னை அழைத்து வரச் சொன்னேனே, சொல்லவில்லையா? பரேலில் சொன்னதுதான் சரி. உடனே ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடு.

சாயங்காலம் அவள் நடந்ததைச் சொன்னாள். சுந்தரராமன் கேட்ட முதல் கேள்வி, "ரவிக்கையை அவிழ்த்தியா?" என்பதுதான்.

"அவிழ்த்தேன்."

வெகுநேரம் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். பிறகு உட்கார்ந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அப்போ ரெண்டுக்கு ரெண்டு. அஞ்சாவதா ஒருத்தரைக் கேட்டுடறேன். அவர் சொல்றது முடிவு."

வாலாம்பாள் டிரங்குப் பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"தாராளமாக் கேளுங்கோ. அவர்ட்டயும் உங்க மார்பையே காட்டுங்கோ. என் மார்பைப் பாத்தவா ரெண்டே பேர், ரெண்டு பேரும் ஒண்ணுதான் சொல்றா. கார்த்தால நான் பரேலுக்குப் போறேன்."

பெட்டியை மூடினாள். அன்று ராத்திரி அவருக்கு இலை போடவில்லை.