வந்துகொண்டே இருந்தவர்

மாலையை ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் வைத்துவிட்டு, வந்தவர் கைகூப்பி நின்றார். வெள்ளை ரோஜா மாலை. குறுக்கே ஆஸ்பத்திரியின் பெயர் அச்சடித்த ரிப்பன். அது சரியாக அப்பாவின் முகத்துக்கு மேல் விழுந்திருந்தது. சுரேகா அதை ஒதுக்கிவிட்டாள்.

“நிர்வாகத்தின் சார்பா வந்திருக்கேன்மா. மேனேஜர், ராகவன்” என்றார்.

நேற்று மதியம் சாப்பிட்ட கையைக் கழுவும்போதுதான் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்பா ஆனந்தன் தண்ணி லாரி ஓட்டுகிறவர். தெருவில் யார் குடத்தை நீட்டினாலும் வால்வைத் திறந்துவிட்டு முதலாளியிடம் திட்டு வாங்குவார். வலிக்கிறது என்று அவர் சொல்லி வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஆட்டோவில் ஏறும்போதே சுரேகா போனில் தேடினாள். திருமுல்லைவாயிலிலேயே ஒரு ஆஸ்பத்திரி. ‘இருதய நிபுணர் எந்நேரமும் இங்கேயே’ என்றது அதன் வெப்சைட். போனார்கள். நிபுணர் இல்லை. “சார் வந்துட்டே இருக்காரு” என்றாள் ஒரு நர்ஸ். இன்னொரு நர்ஸ் வந்து அதையே சொன்னாள். வெயில் சாய்கிற வரைக்கும் சார் வந்துகொண்டே இருந்தார். அப்புறம் வேறு எங்காவது கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். பாடி மேம்பாலத்தில் ஆம்புலன்ஸ் ஏறுவதற்குள் அப்பா போய்விட்டார்.

“ஹார்ட் டாக்டர் எப்பவும் இருப்பாருன்னு போட்டிருக்கீங்களே சார்” என்றாள் சுரேகா.

“எங்க போட்டிருக்கும்மா?”

“உங்க வெப்சைட்லதான்.”

“அப்படி எங்கயும் போடலம்மா. கூப்பிட்டா வருவாருன்னு இருக்கும். பதட்டத்துல நீங்க தப்பாப் படிச்சிருப்பீங்க.”

குரலில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் ராகவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே போனார். “அந்த ஹார்ட் பேஜ்... ஆமா, இப்பவே” என்பது மட்டும் கேட்டது.

அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வெப்சைட்டுகளைச் சோதித்துப் பார்ப்பதுதான் சுரேகாவின் வேலை. ஒரு வரியை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். உள்ளறைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தாள்.

சித்தப்பா வேம்புலி பின்னாலேயே வந்தார்.

“இன்னாம்மா இது? சாவு ஊட்ல கம்ப்யூட்டர வச்சிகினு. ஜனம் இன்னா பேசும்?”

“கொஞ்சம் இருங்க சித்தப்பா.”

“ஆபீஸ் வேலையா?”

“அப்பா வேல.”

பக்கம் திறந்தது. பழைய வரி இன்னும் இருந்தது. சாதாரணமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் திரையில் தெரிகிற துண்டு மட்டும்தான் படமாகும். மீதி எங்கே என்று கேட்பார்கள். பிரவுசரின் மேல் மூலையில், முழுப் பக்கத்தையும் படமெடுக்க ஆபீஸில் தினமும் பயன்படுத்துகிற எக்ஸ்டென்ஷனின் சின்ன கேமரா படம் இருந்தது. அதை அழுத்தினாள். பக்கம் தானாகவே கீழே நகர ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக் கட்டடம், அந்த வரி, டாக்டரின் போட்டோ, யாரும் இல்லாத பளபளப்பான அறைகள் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு அடி வரைக்கும் போனது. பாதியில் நின்றுவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நிற்கவில்லை. முழுப் பக்கமும் ஒரே நீளப் படமாகச் சேர்ந்து, மேலே முகவரியும் தேதியும் நேரமுமாக வந்தது. அதைத் தம்பி கோபிக்கும் தன் மெயிலுக்கும் அனுப்பினாள்.

பக்கத்தைப் புதுப்பித்தாள். மாற்றமில்லை. மறுபடி புதுப்பித்தாள். ‘எந்நேரமும் இங்கேயே’ போய், அதே எழுத்தில், அதே நிறத்தில் ‘அழைப்பின் பேரில்’ என்று இருந்தது.

அதையும் படமெடுத்தாள்.

ராகவன் காரில் ஏறப் போனவர், அவள் லேப்டாப்போடு வருவதைப் பார்த்து நின்றார்.

“இது நீங்க போன் பண்றப்ப இருந்தது. இது இப்ப இருக்கறது.”

அவர் இரண்டையும் பார்த்தார். “இந்த மாதிரி படமெல்லாம் யார் வேணா செஞ்சிக்கலாம்மா. எந்தக் கோர்ட்லயும் நிக்காது.”

“நிக்குமா நிக்காதான்னு அப்புறம் பாக்கலாம். நான் தப்பாப் படிக்கல. அத மட்டும் சொல்லுங்க.”

“இந்த நேரத்துல எதுக்கும்மா...”

“எங்கப்பா எதிர்ல வந்து சொல்லுங்க.”

மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராகவன் கார் கதவின் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

சித்தப்பா உள்ளே போனார். சண்டை வேண்டாம் என்று தன்னை இழுத்துக்கொண்டு போக யாரையாவது கூட்டி வருவார் என்று சுரேகா நினைத்தாள். அவர் அந்த மாலையைத் தூக்கிக்கொண்டு வந்து ராகவனின் கையில் வைத்தார்.

“எடுத்துகினு போங்க சார். எங்களாண்ட மாலை கீது.”

சாயங்காலம் கோபி கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடக்க, ஆண்கள் அப்பாவைக் கொண்டுபோனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் ஈரம் காயவில்லை. தலைமுழுகிய அம்மா, கூந்தலை முடியாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

“அந்தப் படத்தக் காட்டு” என்றாள்.

சுரேகா போனைக் கொடுத்தாள். அம்மா விரலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனாள். டாக்டரின் போட்டோ வந்ததும் நிறுத்தினாள்.

“இவருதான் வந்துகினே இருந்தவரா?”

“ஆமாம்மா.”

அம்மா இரண்டு விரலை விரித்து அந்த முகத்தைப் பெரிதாக்கினாள். சிரிப்பு பெரிதானது. இன்னும் விரித்தாள். கண்கள் மட்டும் நின்றன. அப்புறம் ஒரு கண். அப்புறம் பழுப்பும் கறுப்புமாக வெறும் கட்டங்கள். அம்மா விரித்துக்கொண்டே இருந்தாள்.