பஞ்சுவின் எடை

பிரேக் மெக்கானிக்கின் மூன்று வயது மகளை ஒரு செவ்வாய்க்கிழமை மாலை யாராலும் தரையிலிருந்து தூக்க முடியவில்லை. பிறந்தபோது அவ்வளவு லேசாக இருந்ததால் பஞ்சு என்று அவளுக்குச் செல்லப்பெயர். வேலை முடிந்து அப்பா உள்ளே வந்ததும் வழக்கம்போல கைகளை விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் ஓடிவந்த வழியெல்லாம் தரை விரிசல் விட்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தார்கள். அவர் அவளுடைய இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினார். இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். மனைவி முயன்றாள். மூட்டை தூக்கியே பிழைக்கும் மச்சான் மாடியிலிருந்து வீறாப்பாக இறங்கி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிப் போனார். பஞ்சு இதை விளையாட்டு என்று நினைத்துக் கைகொட்டிச் சிரித்தாள். வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டர், காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை, பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெக்கானிக் அவள் முன்னால் மண்டியிட்டார். கீழே விழும் திருகுகளைப் பொறுக்க அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். அது தானாக எகிறிப் போய்ப் பஞ்சுவின் வலது கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. பதறிப்போய்ப் பிடுங்கினார், அது நேராக அக்குளுக்குப் போனது. நெற்றியில் வைத்துப் பார்த்தார், கையில், காலில் வைத்துப் பார்த்தார். எங்கும் ஒட்டவில்லை. அவர் தினமும் முத்தம் கொடுக்கும் இடத்திலும் தூக்குவதற்குப் பிடிக்கும் இடத்திலும் மட்டும்தான் ஒட்டியது. அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பிரேக்கைக் காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது பறக்கும் சாம்பல் நிற இரும்புத் தூள் அதில் முழுக்க அப்பியிருந்தது.

“குளிச்சிட்டு வந்து தூக்குங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!” என்று மனைவி கத்தினாள்.

“அவ ஓடி வர்றப்ப எப்படி நிக்கிறது?” என்றார் அவர்.

அன்றிலிருந்து பட்டறையிலேயே தேய்த்துக் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் வந்தார். ஆனால் ஏறிய எடை ஏறியதுதான், இறங்கவில்லை. அவர்கள் தெரு முனையில் சிக்னல் இருந்தது. போகிற வருகிற வண்டியெல்லாம் அங்கே பிரேக்கை மிதித்துத்தான் நிற்கும். பிரேக் தேய்ந்து கிளம்பும் தூசி ஜன்னல் வழியாக எல்லா வீட்டுக்கும் வந்ததால், மழைக்காலத்துக்குள் தெருவில் ஒரு பிள்ளையைக்கூட இடுப்பில் வைக்க முடியாமல் போயிற்று. பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளைத் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள். பூங்கா ஊஞ்சல்களுக்குத் தடித்த சங்கிலி போட்டார்கள். சாலையை மட்டும் யாரும் கழுவவில்லை.

இப்போதெல்லாம் மெக்கானிக் சாயங்காலம் லாரி ஜாக்கியைக் கூடத்தில் வைத்து, மேலே ஒரு பலகை போடுகிறார். பஞ்சு அதில் ஏறி உட்காருகிறாள். அவர் நெம்புகோலை அழுத்த அழுத்த, அவள் முகம் அவர் முகத்துக்கு நேராக வருகிறது.

“அப்பா, இன்னும் மேல!”

பிறகு பழக்கதோஷத்தில் வலது கன்னத்தை நீட்டுகிறாள். அவர் தலையில் ஈரம் சொட்ட, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நெற்றியில் முத்தம் கொடுக்கிறார். வாசலில் மற்ற அப்பாக்கள் குளித்த தலையோடு ஜாக்கிக்காக வரிசையில் நிற்கிறார்கள்.